பே ஸ்லிப்பில் பிடிக்கும் 200 ரூபாய் உங்க தெருவுக்கு வருதா?

பெங்களூரிலோ மும்பையிலோ வேலை பார்க்கிறீங்களா? உங்க பே ஸ்லிப்பில் ‘தொழில் வரி’ என்று மாதம் 200 ரூபாய் பிடித்திருப்பாங்க. அது மாநகராட்சிக்குப் போகுதுன்னு நினைச்சிருந்தா, இல்லை. கர்நாடகாவிலும் மகாராஷ்டிராவிலும் அது மாநில அரசின் வருமானம். தமிழ்நாட்டில் இதே வரியை அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அமைப்புகளே வசூலிக்கின்றன.

வரி ஒண்ணுதான். ஊர் மாறினால் அது சேரும் கஜானா மாறுது. ஏன்?

யார் முடிவு பண்றாங்க?

1992-ல் நிறைவேறிய 74-வது அரசியல் சட்டத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 பணிகளைப் பட்டியல் போட்டது. குப்பை, சாலை, தெருவிளக்கு எல்லாம் அதில் உண்டு. ஆனா அவங்களுக்குன்னு தனி வரிப் பட்டியல் கிடையாது. எந்த வரியை விட்டுக்கொடுப்பது என்பதை மாநில சட்டமன்றமே தீர்மானிக்கும்.

அப்போ பணம் எங்கிருந்து வருது?

*சொத்து வரி:* கையில் இருக்கும் முக்கியமான சொந்த வருமானம் இதுதான். வாடகை வீடுன்னாலும் உங்க வாடகைக்குள் இதுவும் அடங்கியிருக்கும். ஆனா வசூல் குறைவு. பெங்களூரும் ஜெய்ப்பூரும் வசூலிக்க முடிந்ததில் 5 முதல் 20 சதவீதம் வரைதான் வசூலிக்கின்றன என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டது 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை.

*ஜிஎஸ்டி இழப்பீடு:* ஊருக்குள் வரும் சரக்குக்குப் போடும் ‘ஆக்ட்ராய்’ வரிதான் மும்பை மாநகராட்சியின் மிகப்பெரிய வருமானமாக இருந்தது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் அது போச்சு. பதிலுக்கு மாநில அரசு இழப்பீடு தருது. ஓட்டல் பில்லைப் பாருங்க: மத்திய ஜிஎஸ்டி, மாநில ஜிஎஸ்டி என்று இரண்டு வரிதான். மாநகராட்சிக்கு மூன்றாவது வரி இல்லை.

*மானியம்:* 2021-26 காலத்துக்கு ஊரக, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குச் சுமார் 4.36 லட்சம் கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது 15-வது நிதிக் குழு. ஆனா நிபந்தனை உண்டு: கணக்குகளை ஆன்லைனில் வெளியிடணும், நகரங்களில் குறைந்தபட்ச சொத்து வரி விகிதத்தை அறிவிக்கணும். 2022-ல் தமிழ்நாட்டில் சொத்து வரி உயர்ந்தபோது அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

*கடன் பத்திரம்:* 2017-ல் புனே மாநகராட்சி குடிநீர்த் திட்டத்துக்காக 7.59% வட்டியில் 200 கோடி ரூபாய் திரட்டியது. கணக்கு சுத்தமாக, வருமானம் சீராக இருக்கும் ஊர்களுக்குத்தான் இந்த வழி.

எல்லாம் சேர்த்து எவ்வளவு?

நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 1 சதவீதம் என்கிறது ரிசர்வ் வங்கியின் 2022 அறிக்கை. பிரேசிலில் இது 7.4%, தென்னாப்பிரிக்காவில் 6%.

உங்களுக்கு இதில் என்ன?

தொழில் வரிக்கான உச்சவரம்பு ஆண்டுக்கு 2,500 ரூபாய். 1988-ல் வைத்தது, இன்னும் மாறல. உங்க சம்பளம் ஏறினாலும் அந்த வரி ஏறாது.

அடுத்த முறை தெருவில் தண்ணி தேங்கினா கவுன்சிலரைக் கேளுங்க, தப்பில்லை. கூடவே மாநகராட்சி பட்ஜெட்டையும் திறந்து இரண்டு விஷயம் பாருங்க: சொத்து வரி இலக்கில் எவ்வளவு வசூலாச்சு? மாநில அரசிடமிருந்து வரவேண்டியது எவ்வளவு வந்துச்சு? முதல் எண் குறைந்தால் கேள்வி மாநகராட்சிக்கு. இரண்டாவது குறைந்தால் உங்க எம்எல்ஏவுக்கு.