ஒன்பது எழுத்தில் தொடங்கும் புத்தகம்

தாய்லாந்துக் குழந்தைகளின் எழுத்துப் படத்தில் 44 மெய்யெழுத்துகள் அணிவகுத்து நிற்கும். முதல் எழுத்துக்குக் கோழிப் படம், இரண்டாவதற்கு முட்டை, மூன்றாவதற்குப் புட்டி. அந்த மூன்றாம் எழுத்தை இன்று யாரும் எந்தச் சொல்லிலும் எழுதுவதில்லை. ஐந்தாம் எழுத்தும் அப்படித்தான். படத்தின் வரிசையிலேயே பாடம் நடத்தும் புத்தகத்தை வாங்கினால், முதல் ஐந்தில் இரண்டு வீண். தாய்லாந்து மொழியை எழுதப் படிக்கப் புத்தகம் தேடுபவர் முதலில் பார்க்க வேண்டியது எழுத்துகளின் வரிசையைத்தான்.

எழுத்து 44 இருந்தாலும் சொல்லின் முதலில் வரும் மெய்யொலிகள் 21தான். மூச்சு கலந்த ‘த’ ஒலிக்கு மட்டும் ஆறு எழுத்துகள். சமஸ்கிருத, பாலிச் சொற்களின் பழைய எழுத்துக்கூட்டலைக் காப்பாற்றி வைத்திருப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் தொனி, அதாவது சொல்லின் பொருளையே மாற்றிவிடும் குரலின் ஏற்ற இறக்கம். தாய்லாந்து மொழியில் ஐந்து தொனிகள். ‘மா’ என்று சமமாகச் சொன்னால் ‘வா’. கீழிருந்து மேலே இழுத்தால் நாய். உயர்த்திச் சொன்னால் குதிரை.

இந்தத் தொனியை எழுத்து எப்படிக் காட்டுகிறது? மெய்கள் நடு, உயர், தாழ் என்று மூன்று வகுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன: 9, 11, 24. ‘பக்கம்’ என்பதில் வரும் ககரமும் ‘தங்கம்’ என்பதில் வரும் ககரமும் காதுக்கு வேறு. இப்படித் தொண்டை அதிர ஒலிப்பவற்றுக்கும் அதிராமல் ஒலிப்பவற்றுக்கும் அங்கே தனித்தனி எழுத்துகள் இருந்தன. பிற்காலத்தில் பேச்சில் அந்த வேறுபாடு மங்கியது. அதற்கு ஈடாகத் தொனிகள் பெருகின. எழுத்து மட்டும் பழைய கணக்கை விடவில்லை. இன்றைய வகுப்புகள் அந்தக் கணக்கின் எச்சம்.

எழுத்தின் தலைமேல் இடும் தொனிக்குறிகள் நான்கு. ஒரே குறி எல்லா வகுப்பிலும் ஒரே தொனியைத் தராது: இரண்டாம் குறி உயர் வகுப்பில் இறங்கு தொனி, தாழ் வகுப்பில் உயர் தொனி. நடு வகுப்பின் ஒன்பது எழுத்துகளில் மட்டும் நெடிலில் முடியும் அசைகளில் கணக்கு நேராக இருக்கும். குறியில்லாமல் ஒன்று, நான்கு குறிகளுக்கு நான்கு, ஆக ஐந்து தொனிகள். நல்ல புத்தகம் இந்த ஒன்பதில் தொடங்கும். மற்ற இரு வகுப்புகளைப் பின்னால் அறிமுகப்படுத்தும். நாயைக் குறிக்கும் ‘மா’வின் முன்னால் ஒலிக்காத ஹகரம் ஒன்று நிற்பதும் அப்போது புரியும்: மகரத்தை உயர் வகுப்புக்கு ஏற்றிவிடுவதே அதன் வேலை.

அடுத்து, ரோமன் எழுத்தில் உச்சரிப்பு எத்தனை பக்கம் வரை தொடர்கிறது என்று பாருங்கள். தாய்லாந்து அரசின் ரோமன் முறையில் தொனியும் இல்லை, குறில் நெடில் வேறுபாடும் இல்லை. நாயும் குதிரையும் அதில் ஒன்றே. அந்த ஊன்றுகோலைச் சீக்கிரம் பிடுங்கிக்கொள்ளும் புத்தகமே மேல்.

உயிர்க்குறிகள் மெய்க்கு முன்னும் பின்னும் மேலும் கீழும் வரும். சில இருபுறமும் அணைக்கும். ‘கொ’ எழுதிப் பழகிய நமக்கு இது புதிதல்ல. தாய்லாந்து எழுத்து கெமர் எழுத்திலிருந்தும், கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்தும் வந்தவை. ஆனால் ‘சாலை’யைக் குறிக்கும் ‘தனொன்’ என்ற சொல்லில் மூன்று மெய்கள் மட்டுமே இருக்கும், உயிர்க்குறி ஒன்றுகூட இராது. இடையில் வரும் உயிரொலிகளை வாசகரே போட்டுக்கொள்ள வேண்டும்.

எழுதப் பழக, பேனா எங்கே தொடங்குகிறது என்று காட்டும் புத்தகம் வேண்டும். பெரும்பாலான எழுத்துகள் ஒரு சிறு சுழியில் தொடங்குகின்றன. சுழி உள்ளே திரும்புகிறதா, வெளியே திரும்புகிறதா என்பதே சில எழுத்துகளைப் பிரித்துக் காட்டும். கடைப் பலகைகளிலும் விளம்பரங்களிலும் அந்தச் சுழியையே நீக்கிய எழுத்துருக்கள் ஏராளம். இரண்டு வடிவங்களையும் அச்சிட்ட புத்தகம் தெருவிலும் கைகொடுக்கும்.

1978 முதல் 1994 வரை தாய்லாந்துப் பள்ளிகளில் இருந்த ‘மானீ’ பாடநூல்கள் பலருக்கு இன்றும் பிரியமானவை. ஆனால் அவை தொனிகளை ஏற்கெனவே காதில் வைத்திருக்கும் குழந்தைகளுக்கானவை. பிறமொழியாளர் அவற்றை இரண்டாம் புத்தகமாக வைத்துக்கொள்ளலாம். முதல் புத்தகத்தோடு ஒலிப்பதிவு கட்டாயம் வேண்டும்.

வாங்குமுன் கடைசிப் பாடத்தைத் திறந்து பாருங்கள். தாய்லாந்து மொழியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. ஒரே எழுத்துத் தொடரை ‘தா க்லொம்’ என்று பிரித்தால் உருண்டைக் கண். ‘தாக் லொம்’ என்று பிரித்தால் காற்று வாங்குவது. கடைசிப் பக்கம் வரை சொற்களைப் பிரித்தே அச்சிட்டிருந்தால், அந்தப் புத்தகத்தை முடித்தவரும் நாளிதழின் முதல் வரியிலேயே திணறுவார். இடைவெளி பாடத்துக்குப் பாடம் குறைந்துகொண்டே வந்து, முடிவில் அறவே இல்லாமல் போகும் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.