வில்லியனூர், பாகூர் குப்பை: கேட்க ஒரு வார்டு மெம்பர்கூட இல்லையா?

புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி பாகூர் ஏரி. தென்பெண்ணையின் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் வருகிறது. இந்த வாய்க்காலில் ஒரு கேரி பேக்கைப் போட்டால் எங்கே போகும்? மழை வந்தால் ஏரிக்கு, இல்லன்னா மதகுக்கு, கடைசியில் நெல் வயலுக்கு. வில்லியனூர் பக்கம் சங்கராபரணி ஆறும், 2008-ல் பறவைகள் சரணாலயமான ஊசுடு ஏரியும் இருக்கின்றன. அங்கேயும் இதே கதைதான்.

முன்பு வீட்டுக் குப்பை எருக்குழிக்குப் போகும், பிறகு வயலுக்கு உரமாகும். இன்று அதே குப்பையில் டயப்பர், சிப்ஸ் பாக்கெட், தெர்மாகோல். கலந்துவிட்டால் எருவும் ஆகாது, காயலான் கடைக்காரரும் வாங்க மாட்டார். மிச்சமிருக்கும் ஒரே வழி தெருமுனையில் கொளுத்துவது. பி.வி.சி. மாதிரியான பிளாஸ்டிக் அதில் எரிந்தால் வரும் புகையில் டையாக்ஸின் இருக்கும், அது புற்றுநோய் தரும் நச்சு. ஏழை நாடுகளில் 90 சதவீதத்துக்கும் மேலான குப்பை இப்படித் திறந்தவெளியில் கொட்டப்படுகிறது அல்லது எரிக்கப்படுகிறது என்கிறது உலக வங்கியின் 2018 அறிக்கை.

தடை இல்லையா? இருக்கு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குப் புதுச்சேரியில் 2019 ஆகஸ்ட் 1 முதல் தடை, நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல் தடை. ஆனால் சிப்ஸ் பாக்கெட்டும் டயப்பரும் அந்த தேசியப் பட்டியலில் இல்லை. தினம் சேரும் குப்பையை யாராவது வந்து வாங்கித்தான் ஆகணும்.

அந்த 'யாராவது' யார் என்பதில்தான் சிக்கல். 1968-க்குப் பிறகு புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் நடக்க 38 ஆண்டுகள் ஆனது. 2006-ல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதன்பின் கொம்யூன் பஞ்சாயத்துகளை நடத்துவது அதிகாரிகளே. பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன 'கொம்யூன்' என்ற பெயர் மட்டும் பத்திரமாக இருக்கிறது!

பணமும் இடிக்கிறது. 15-வது நிதி ஆணையம் மாநிலங்களின் ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. யூனியன் பிரதேசமான புதுச்சேரி நிதி ஆணைய வரம்புக்குள்ளேயே வராது. எல்லை தாண்டினால் கடலூர் மாவட்டம். அங்கே ஊராட்சிகளில் குப்பை வாங்கத் தூய்மைக் காவலர்கள் வருகிறார்கள். அதுக்காக அந்தப் பக்கம் எல்லாம் சுத்தம்னு சொல்லிவிட முடியாது. தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலமும் அங்கே 2025 ஜனவரியில் முடிந்தது.

தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு, 2020-ல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில், 5,000 பேர் வரை உள்ள கிராமத்துக்குத் திடக்கழிவுக்கு என்று நிர்ணயித்தது தலைக்கு 60 ரூபாய். வண்டி, தொட்டி, கொட்டகைக்கு இது உதவும். தினமும் வண்டியை ஓட்ட டீசலும் ஆள் சம்பளமும் வேற கணக்கு.

இப்போதைக்கு வாய்க்காலில் குப்பை அடைத்தால், மனு எழுதி எடுத்துப்போக வேண்டிய இடம் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையர் அலுவலகம்.