ஏரிக்கரையில் பிளாட்டிபஸ் பாடம்

"முட்டையிடும் பாலூட்டி எது?" என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்கு எல்லாப் பிள்ளைகளும் 'பிளாட்டிபஸ்' என்று எழுதிவிடுகிறார்கள். அதை எப்படிக் கண்டுபிடித்துப் பார்ப்பது என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாவிலும் வாழும் விலங்கைப் போளூரில் எங்கே தேடுவது? விலங்கு கிடைக்காது, ஆனால் அதைப் பார்க்கும் முறையை நம் ஏரியிலேயே கற்றுத்தரலாம்.

பிளாட்டிபஸ் அரை மீட்டர் நீளமே உள்ள கூச்சமான விலங்கு. விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் தென்படும். நீருக்குள் கண், காது, மூக்கு மூன்றையும் மூடிக்கொள்ளும். இரையின் உடலில் எழும் மெல்லிய மின்சாரத்தை அலகால் உணர்ந்து பிடிக்கும். பிடித்ததைக் கன்னப் பைகளில் சேர்த்து, மேலே வந்துதான் மெல்லும். ஆகவே, பெரும்பாலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை உள்ளே. பிறகு பத்து வினாடி போல மேலே.

குவீன்ஸ்லாந்தில் யூங்கெல்லா தேசியப் பூங்காவின் புரோக்கன் ஆற்றங்கரையில் இதற்கென்றே பார்வை மேடைகள் உள்ளன. அனுபவமுள்ளவர்கள் விலங்கைத் தேடுவதில்லை. குமிழிகளையும் வட்ட அலைகளையும் தேடுகிறார்கள். அது மூழ்கியிருக்கும்போது மட்டும் இடம் மாறுவார்கள். மேலே வந்தால் சிலையாக நிற்பார்கள். ஃபிளாஷ் கூடாது.

இதே கண்ணாமூச்சியை நம் ஏரிகளில் ஆடுவது முக்குளிப்பான். புறாவைவிடச் சிறியது, வால் இருப்பதே தெரியாது. பலர் அதை வாத்துக்குஞ்சு என்றே நினைக்கிறார்கள். மழைக்குப் பின் ஏரியில் நீர் நிற்கும் மாதங்களில், காலை வேளையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துச் செல்கிறேன். தலைமையாசிரியரின் அனுமதியும் உடன்வரும் இரண்டு பெற்றோரும் கட்டாயம். கரையை விட்டு யாரும் இறங்கக் கூடாது.

இருவர் ஒரு குழு. ஒருவர் பறவையைப் பார்த்து 'மூழ்கியது', 'வந்தது' என்று சொல்ல, மற்றவர் வினாடிகளைக் குறிப்பார். இருபது அளவீடுகள் சேர்ந்தால் கணக்கு ஆசிரியருக்குச் சராசரி, இடைநிலை அளவு நடத்தச் சொந்தத் தரவு கிடைத்துவிடும். மீன் பிடிப்பவர் வீட்டுப் பையன் ஒருவன், "மீன் துள்ளினா சத்தம் வரும் சார், இது சத்தமே இல்லாம போகுது" என்றான். எந்த வட்டம் எதனுடையது என்று மற்றவர்கள் அவனிடம்தான் கேட்கத் தொடங்கினார்கள். தேர்வில் பின்தங்கும் பையன் அவன்.

படம் எடுக்கக் கைப்பேசி போதும். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பறவை மறைந்த இடத்தையே குறிவைத்தால் ஏமாற்றம்தான், வேறெங்கோ எழும். அகலமாக வீடியோ எடுத்து, பிறகு ஒரு காட்சியை நிறுத்திப் படமாக்குவது எளிது. பறவை புள்ளியாகத்தான் தெரியும்; வட்ட அலை நன்றாக விழுந்திருந்தால் அதுவே நல்ல படம்.

கூட்டை மட்டும் படமெடுக்க விடாதீர்கள். முக்குளிப்பான் நீர்ச்செடிகளால் மிதக்கும் கூடு கட்டும். விலகும்போது முட்டைகளைச் செடிகளால் மூடிவிட்டுப் போகும். நாம் திடீரென நெருங்கினால் மூட நேரமிருக்காது, காக்கை பார்த்துவிடும். கூடு தெரிந்தால் அன்றைக்குக் கரையின் மறுபக்கம் போய்விடுகிறோம்.