துறை வழி அறிந்த ஊர்: கொக்கட்டிச்சோலை

மட்டக்களப்பு வாவி வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளத்திற்குக் கிடக்கிறது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் நடுவே, மணற்பாங்கான ஒடுங்கிய நிலம். சூரியன் எழும் பக்கமாதலால் அது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்த பெருநிலம். சூரியன் படும் பக்கமாதலால் அது படுவான்கரை. கொக்கட்டிச்சோலை இந்தப் படுவான்கரையில் உள்ள ஓர் ஊர். மண்முனை தென்மேற்குப் பிரதேச செயலகமும் இங்கேதான் அமைந்திருக்கிறது.

சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களைச் சற்று நிதானமாகச் சொல்லிப் பார்த்தால் நிலத்தின் அமைப்பு தானே விளங்கும். மகிழடித்தீவு, அரசடித்தீவு, முனைக்காடு, கடுக்காமுனை, முதலைக்குடா, அம்பிளாந்துறை, பண்டாரியாவெளி, படையாண்டவெளி. தீவு, முனை, குடா, துறை, வெளி என்று முடியாத பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வாவி நிலத்துக்குள் நுழைந்தும் நிலம் வாவிக்குள் நீண்டும் கிடக்கின்ற இடம் இது. மாரியில் வெள்ளம் பரவும்போது மேட்டில் இருக்கும் ஊர்கள் உண்மையாகவே தீவுகள்போல நிற்கும். 2011 ஜனவரிப் பெருவெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

இவ்வூர்களின் பழைய வரலாற்றுக்கு வாய்வழிக் கதைகளும், எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் பதிப்பித்து 1962இல் வெளிவந்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ என்ற நூலும் துணைசெய்கின்றன. கலிங்க நாட்டு அரசகுலப் பெண்ணான உலகநாச்சி மண்முனையில் குடியேற்றத்தை அமைத்து ஆண்டாள் என்பது மரபு. இதை அப்படியே வரலாறு என்று கொள்ள நாம் துணியவில்லை. ஆனால் ஆட்சியிடமாக மண்முனையைக் கதை தெரிந்தெடுத்தது காரணமின்றி அல்ல. வாவி ஒடுங்கி இரு கரையும் நெருங்கி வரும் இடம் அது. அந்தத் துறையை வைத்திருப்பவர் கடற்கரையையும் வயற்புறத்தையும் ஒருங்கே வைத்திருப்பார்.

ஊருக்குப் பெயர் தந்தது கொக்கட்டி மரம். காடு வெட்டியவனின் கோடரி பட்டு மரத்திலிருந்து இரத்தம் பெருகியதாகவும், அவ்விடத்தில் சிவலிங்கம் காணப்பட்டதாகவும் தான்தோன்றீஸ்வரர் கோயிலின் தலக்கதை சொல்கிறது. கோயிலை இடிக்க வந்த ஐரோப்பியர் முன்னே கல்நந்தி எழுந்து புல் தின்ற கதையை இங்கு சிறு பிள்ளையும் சொல்லும். கோயில் நிர்வாகம் குடிமுறைப்படி வண்ணக்கர்மாரின் பொறுப்பில் நடந்து வந்தது. எந்தக் குடிக்கு எந்த உரிமை என்பது பெரியவர்களுக்கு மனப்பாடம். தேர்த் திருவிழாவுக்கு எழுவான்கரைச் சனங்கள் துறை கடந்து வந்து சேர்வார்கள்.

மக்களின் சீவனம் நெல்லும் மாடும் வாவி மீனும். வயற்பரப்பை இங்கு வட்டை என்பர். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கும் வடகீழ்ப் பருவமழையோடு பெரும்போகம் நடக்கும். கச்சான் வீசும் கோடையில் குளத்து நீர் எட்டாத வட்டைகள் மாடு மேயும் தரையாகிவிடும். வாவியின் தன்மையும் பருவத்தோடு மாறுகிறது. மழையில் நன்னீர் பெருகி உவர் குறையும். கோடையில் உவர் ஏறும். வெள்ளம் அளவு மீறினால் முகத்துவாரத்தில் மணற்றடையை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வயற்காரனுக்கும் மீன்பிடிப்பவனுக்கும் ஒரே கருத்து இருப்பதில்லை. வயல் அழுகாதிருக்க நீர் விரைவாக வடிய வேண்டும். மீனுக்கும் இறாலுக்கும் வாவியில் நீர் நிற்க வேண்டும்.

வாவியைக் கடக்க நெடுங்காலம் இருந்தது ‘பாதை’. வெளியூர் வாசகர்கள் இதை வீதி என்று எண்ணிவிடக் கூடாது. ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவையையே இப்பகுதியில் பாதை என்பர். வடக்கே வலையிறவுப் பாலம், தெற்கே பட்டிருப்புப் பாலம். இரண்டுக்கும் இடைப்பட்ட ஊர்களுக்கு மண்முனைப் பாதையும் அம்பிளாந்துறை–குருக்கள்மடம் போன்ற துறைகளுமே வழி. எதிர்க்கரையில் பேருந்து போவது கண்ணுக்குத் தெரியும். அதில் ஏறப் பாதைக்குக் காத்திருக்க வேண்டும். இரவில் பிரசவ வேதனை கண்டவளையும் பாம்பு தீண்டியவனையும் துறைக்குக் கொண்டுவந்தவர்கள் அந்தக் காத்திருப்பின் நீளத்தை அறிவார்கள்.

போர்க்காலத்தில் இந்தத் துறையே எல்லையாயிற்று. 1987 ஜனவரி இறுதியில் விசேட அதிரடிப்படையின் நடவடிக்கையின்போது மகிழடித்தீவு இறால் பண்ணையில் வேலைசெய்தவர்கள் உட்படப் பலர் கொல்லப்பட்டனர். 1991 யூன் 12ஆம் திகதி, கண்ணிவெடியில் படையினர் இறந்ததைத் தொடர்ந்து, மகிழடித்தீவிலும் அயலிலும் பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அரசு நியமித்த ஆணைக்குழு இறந்தவர் தொகையை 67 எனக் கண்டது. பின்னர் படுவான்கரை புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஆண்டுகளில் எரிபொருளும் பசளையும் துறையில் சோதனைக்குட்பட்டுத்தான் வந்தன. 2007 மார்ச்சில் படையினர் கொக்கட்டிச்சோலையைக் கைப்பற்றியபோது மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அவர்கள் ஓடியதும் இதே வாவியைக் கடந்துதான்.

ஜப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட 210 மீற்றர் நீளமான மண்முனைப் பாலம் 2014 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பாதைக்குக் காத்திருந்த நேரம் சில நிமிடங்களாகக் குறைந்தது. ஆசிரியரும் தாதியும் எழுவான்கரையிலிருந்து அன்றாடம் வந்துபோக முடிகிறது. பாலும் மீனும் பழுதாகுமுன் சந்தையைச் சேர்கின்றன. இதன் பெறுமதியை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம்.

ஆனால் பாலத்தால் இரு பக்கமும் போக்குவரத்து உண்டு. அறுவடைக் காலத்தில் வியாபாரியின் லொறி இப்போது வட்டை வரையும் வருகிறது. காயவைக்கத் தளமும் அடுக்கிவைக்கக் களஞ்சியமும் இல்லாத சிறு விவசாயி, பசளைக் கடனையும் வெட்டுமெசின் கூலியையும் தீர்க்க, ஈர நெல்லை அன்றே லொறியில் ஏற்றிவிடுகிறான். முன்னர் துறை தடுத்தது என்று சொல்ல முடிந்தது. இன்று வேண்டியிருப்பது நெல்லை ஒரு மாதமாவது ஊரிலேயே வைத்திருக்க வசதி. அதைச் சங்கமாகச் சேர்ந்து செய்வதா, கோயில் வளவில் உள்ள வெற்றிடத்தைக் காயவைக்கும் தளமாகக் கேட்பதா என்பதை அடுத்த போகத்துக்கு முன்னரே அவ்வூரார் கூடிப் பேசலாம்.