உங்களுக்குத் தெரியுமா? ஆபாசப் படங்களும் அரசு கேட்ட கருத்தும்

ஆபாசப் படங்கள் மனிதர்களை என்ன செய்கின்றன? அவற்றை எப்படி நெறிப்படுத்துவது? வீட்டுக் கூடத்தில் நாம் பேசத் தயங்கும் இந்தக் கேள்விகளை பிரிட்டனில் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரசு சார்பில் வெளிப்படையாகவே கேட்டார்கள். பிரபுக்கள் சபை உறுப்பினர் கேபி பெர்ட்டின் தலைமையில் ஒரு தனி ஆய்வு அமைக்கப்பட்டது. பார்ப்பவரின் மனப்போக்கு மாறுகிறதா, நடிப்பவர்கள் சுரண்டப்படுகிறார்களா, இருக்கும் சட்டம் போதுமா என்று கருத்தும் சான்றும் திரட்டப்பட்டன. 2025 பிப்ரவரியில் வெளிவந்த அறிக்கையில் 32 பரிந்துரைகள் இருந்தன.

●

அந்த அறிக்கை சுட்டிக்காட்டிய பெரிய ஓட்டை இதுதான். பிரிட்டனில் ஆபாசப் படத்தை டிவிடியாக விற்க வேண்டுமானால் திரைப்படத் தணிக்கை வாரியத்திடம் 'ஆர்18' சான்று பெற வேண்டும். உரிமம் பெற்ற கடையில், 18 வயது நிரம்பியவருக்கு மட்டுமே விற்கலாம். கழுத்தை நெரிக்கும் காட்சி இருந்தால் வாரியம் சான்று தராது. அதே காட்சி இணையத்தில் இலவசமாக, எந்தச் சான்றும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்கு ஒரு நியாயம், கைபேசிக்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது என்பதே பெர்ட்டினின் வாதம். இதற்கு ஏற்கத்தக்க மறுப்பு எதையும் நான் இதுவரை படித்ததில்லை.

●

கழுத்து நெரிப்பை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறார்கள்? கழுத்தை அழுத்தினால் மூளைக்குப் போகும் ரத்தம் தடைபடும். சில நொடிகளிலேயே நினைவு தப்பலாம். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் உள்ளே பாதிப்பு நேரலாம். பாதுகாப்பாக நெரிக்கும் முறை என்று ஒன்று கிடையாது என மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். உயிர் போகாவிட்டாலும் கழுத்தை நெரிப்பது தனிக் குற்றம் என்ற சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஐந்து ஆண்டுவரை சிறை. நிஜத்தில் செய்தால் சிறை, படமாக்கிக் காட்டினால் பொழுதுபோக்கு என்ற நிலைதான் அதன் பிறகும் நீடித்தது. பெர்ட்டின் அறிக்கைக்குப் பிறகு, 2025 ஜூனில், இத்தகைய காட்சிகளைக் குற்றமாக்கப் போவதாக அரசு அறிவித்தது. ஆண்-பெண் உறவைத் திரையில் பார்த்தே முதலில் அறிந்துகொள்ளும் ஒரு தலைமுறைக்கு இது உயிர்ப் பிரச்சினை.

●

இதற்கு முன்பே ஒரு தாய் இந்தக் கதவைத் தட்டியிருக்கிறார். 2003இல் இங்கிலாந்தின் பிரைட்டன் பகுதியில் ஓர் ஆசிரியை கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். கொலையாளி அத்தகைய வன்முறைப் படங்களைத் தொடர்ந்து பார்த்துவந்தவன் என்பது விசாரணையில் தெரியவந்தது. மகளை இழந்த லிஸ் லாங்ஹர்ஸ்ட் 50,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளைத் திரட்டினார். 2005இல் அரசு பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. 2008இல் சட்டம் வந்தது: உயிருக்கு ஆபத்தான வன்முறையைக் காட்டும் ஆபாசப் படங்களை வைத்திருப்பதே குற்றம்.

●

கருத்துக்கேட்பு என்றால் அதிகாரிகள் குறிப்பெடுக்கும் சடங்கு என்று நினைக்கிறோம். 1983 டிசம்பரில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர மன்றத்தில் நடந்தது அப்படியல்ல. ஆபாசப் படங்களால் தங்களுக்கு நேர்ந்த கொடுமைகளைப் பெண்கள் ஒவ்வொருவராகப் பொது அவையில் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் லிண்டா மார்ச்சியானோ. 1972இல் வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்ட ஓர் ஆபாசப் படத்தின் நாயகி. கணவர் தன்னை அடித்து மிரட்டி நடிக்க வைத்ததாகச் சாட்சியம் அளித்தார். பாதிக்கப்பட்ட பெண் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடரலாம் என்ற விதியை எழுதியவர்கள் பெண்ணியச் சிந்தனையாளர்கள் கேதரின் மெக்கினனும் ஆண்ட்ரியா டுவோர்கினும். நகர மன்றம் நிறைவேற்றியது; மேயர் தடுத்துவிட்டார். பிறகு இண்டியானாபொலிஸ் கொண்டுவந்த இதே போன்ற சட்டத்தைப் பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றங்கள் ரத்து செய்தன. சட்டம் தோற்றது. ஆனால் அந்தச் சாட்சியங்கள் பின்னாளில் நூலாகவே வந்தன. படம் எடுக்கப்படும் இடத்தில் என்ன நடக்கிறது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

●

தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் தலைமையிலான குழு 1979இல் ஆபாசம் குறித்து பிரிட்டன் அரசுக்குக் கொடுத்த அறிக்கை தடைக்கு வைத்த அளவுகோல் ஒன்றே ஒன்று: தீங்கு. அருவருப்பாக இருக்கிறது என்பதற்காக மட்டும் தடை செய்யாதீர்கள்; யாருக்குத் தீங்கு என்று பாருங்கள் என்றது. அறிக்கை வருவதற்குள் அரசு மாறியிருந்தது; அது பெரும்பாலும் கிடப்பில் போடப்பட்டது. அளவுகோல் இன்றும் செல்லும்.

●

இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் 2023இல் வெளியிட்ட ஆய்வு 16 முதல் 21 வயதுவரையுள்ளவர்களிடம் கேட்டது. முதன்முதலில் ஆபாசப் படம் பார்த்த சராசரி வயது 13. ஒன்பது வயதுக்குள் பார்த்தவர்கள் 10 சதவீதம். பதினொரு வயதுக்குள் 27 சதவீதம். 18 வயதுக்கு முன்பே வன்முறை கலந்த படத்தை எதிர்கொண்டவர்கள் 79 சதவீதம். எங்கே பார்த்தார்கள்? ஆபாசத் தளங்களைவிட அதிகம் பேர் குறிப்பிட்டது ட்விட்டரை! பிள்ளை கெட்ட தளத்துக்குப் போகவில்லை என்று நிம்மதியாக இருக்கும் பெற்றோர் இந்தக் கடைசித் தகவலை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

●

ஆபாசத் தளங்களில் வயதுச் சோதனை என்ற பிரிட்டனின் முதல் முயற்சி ஏன் தள்ளிப்போனது தெரியுமா? 2016இல் மக்கள் கருத்தைக் கேட்டு, 2017இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 15இல் தொடங்கவிருந்தார்கள். ஐரோப்பிய ஆணையத்துக்கு முன்கூட்டியே அனுப்ப வேண்டிய அறிவிப்பை அனுப்பவில்லை என்பது ஜூனில்தான் தெரிந்தது. அக்டோபரில் திட்டமே கைவிடப்பட்டது. புதிய சட்டத்தின் கீழ் அது நடைமுறைக்கு வர 2025 ஜூலை 25 ஆயிற்று. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவே இல்லை.

●

இப்போது பிரிட்டனில் 'எனக்கு 18 ஆகிவிட்டது' என்று பொத்தானை அழுத்தினால் போதாது. முகத்தை வைத்து வயதைக் கணித்தல், கடன் அட்டை, அடையாள அட்டையுடன் படத்தை ஒப்பிடுதல் போன்ற வழிகளில் நிரூபிக்க வேண்டும். மீறும் நிறுவனத்துக்கு 1.8 கோடி பவுண்டு அல்லது உலகளாவிய வருமானத்தில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம்.

என் அடையாள அட்டையை ஆபாசத் தளத்திடம் கொடுப்பதா என்ற அச்சம் நியாயமானது. அதற்குப் பிரான்ஸில் ஒரு விடை இருக்கிறது. அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வகுத்த விதிப்படி, வயதைச் சோதிக்கும் நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று தெரியாது; தளத்துக்கு நீங்கள் யார் என்று தெரியாது. வயது வந்தவர் என்ற ஒரு தகவல் மட்டுமே போய்ச் சேரும். இப்படி ஒரு வழியையாவது பயனருக்குத் தர வேண்டும் என்பது கட்டாயம்.

●

இந்தியாவில்? 2015 ஜூலை 31 அன்று 857 தளங்களை முடக்க உத்தரவு போனது. உச்ச நீதிமன்ற வழக்கில் மனுதாரர் தரப்பு கொடுத்த பட்டியல் அது. மக்களிடம் கருத்து எதுவும் கேட்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே உத்தரவு தளர்த்தப்பட்டது. கேட்டுச் செய்திருந்தால் இன்னும் உறுதியான ஏற்பாடு கிடைத்திருக்கும் என்பது என் எண்ணம்.

குழந்தைகள் விஷயத்தில் சட்டம் தெளிவாகிவிட்டது. சிறார் பாலியல் படங்களைப் பதிவிறக்கித் தனியாகப் பார்ப்பது குற்றமல்ல என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. குழந்தைகள் நல அமைப்புகள் மேல்முறையீடு செய்தன. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பர் 23இல் ரத்து செய்து, வழக்கை மீண்டும் நடத்தச் சொன்னது. சிறார் படங்கள் கைக்கு வந்தால் அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பவர்களுக்கு இது எச்சரிக்கை.

●

உங்கள் அந்தரங்கப் படத்தை யாராவது பரப்புவார்கள் என்று பயமா? 'ஸ்டாப்என்சிஐஐ' என்ற இலவச சேவை இருக்கிறது. படம் உங்கள் கைபேசியை விட்டு எங்கும் போகாது. படத்திலிருந்து கைரேகை போன்ற ஓர் எண் குறியீடு மட்டும் உருவாகும். சேவையில் இணைந்துள்ள சமூக ஊடகங்கள் அதைக் கொண்டு அந்தப் படத்தைக் கண்டறிந்து நீக்கும். 18 வயது நிரம்பியவர்களுக்கானது இது. இந்தியாவில் அத்தகைய படத்தை நீக்கச் சொல்லி நீங்கள் புகார் கொடுத்தால், சமூக ஊடக நிறுவனம் விரைந்து நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது விதி. உதவி எண்கள்: இணையக் குற்றங்களுக்கு 1930; குழந்தைகளுக்கு 1098.