அகர்தலாவுக்கு இரண்டாவது வழி

“லிங்க் இருக்கிறதா, தாதா?” அகர்தலாவில் நாங்கள் பணியாற்றிய ஆண்டுகளில், காலையில் கிளையின் கதவு திறந்ததும் வாடிக்கையாளர்கள் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வணக்கம் கூட அதற்குப் பிறகுதான். கோர் பேங்கிங் வந்த பின்னர் கணக்கேடுகள் யாவும் தொலைதூர நகரமொன்றின் தரவு மையத்துக்குப் போய்விட்டன. இணைப்பு அறுந்தால் பெட்டகத்தில் பணம் இருந்தும் கவுன்ட்டரில் கொடுக்க இயலாது.

ஒரு மழைக்கால நாளில், ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த முதியவர் ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு டிமாண்ட் டிராப்ட் எடுக்க வந்தார். கட்டணம் செலுத்த மறுநாளே கடைசி நாள். அன்று எங்கோ மலைச்சாலையில் மண் சரிந்து வடம் அறுந்திருந்தது. மாடியில் இருந்த வி-சாட் தட்டும் கனமழையில் பயன்படவில்லை. மாலை வரை பெஞ்சிலேயே அமர்ந்திருந்தார். தேநீர் கொடுத்தோம், வேறொன்றும் செய்ய முடியவில்லை. மறுநாள் நண்பகலில் டிராப்ட் பெற்றுச் சென்றார். கல்லூரி அதை ஏற்றுக்கொண்டதா என்று பின்னர் அவரிடம் கேட்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

இந்த இடரின் வேர் நிலப்படத்திலேயே இருக்கிறது. திரிபுராவின் மூன்று பக்கமும் வங்கதேசம். நாட்டின் பிற பகுதிகளுக்குச் செல்ல அசாமைக் கடந்து, சிலிகுரி அருகே ஏறத்தாழ 22 கிலோமீட்டர் அளவுக்குக் குறுகும் நிலப்பகுதி வழியாகச் சுற்றி வர வேண்டும். கொல்கத்தாவுக்கு அவ்வழியில் 1,600 கிலோமீட்டருக்கும் மேல். கண்ணாடி இழை வடமும் பெரும்பாலும் சாலையை ஒட்டியே புதைக்கப்படுகிறது. எனவே நிலச்சரிவும், சாலையை அகலப்படுத்தும் இயந்திரத்தின் பற்களும் வடத்தையும் விட்டுவைப்பதில்லை. ஒளி கண்ணாடிக்குள் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் விரைகிறது. ஆதலால் தொலைவு பெரிய தடையன்று. வழி ஒன்றே ஒன்றாக இருப்பதுதான் தடை.

மறுபுறம், நகரின் எல்லையிலிருந்து சில கிலோமீட்டரில் வங்கதேசத்தின் அகௌரா. அங்கிருந்து தெற்கே காக்ஸ் பஜார் கடற்கரையில், 2006 முதல் அந்நாட்டுக்கு உலக இணையத்தைத் தந்துவரும் கடலடி வடம் கரையேறுகிறது. சீ-மீ-வீ 4 என்னும் அதே வடம் சென்னையிலும் கரை தொடுகிறது என்பது தமிழ் வாசகர்களுக்கு ஒரு சுவையான செய்தி. ஆக, அகர்தலாவின் அண்டையிலேயே கடல்வழி இருந்தது. நடுவில் ஒரு வேலிதான்.

அந்த வேலியைக் கடக்க 2015 ஜூனில் பி.எஸ்.என்.எல். நிறுவனமும் வங்கதேச அரசின் கடலடி வட நிறுவனமும் உடன்படிக்கை செய்துகொண்டன. 2016 மார்ச் 23 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் காணொலி வழியே இணைப்பைத் தொடங்கி வைத்தனர். நொடிக்கு 10 ஜிகாபிட் அளவு. மும்பை, சென்னைக்கு அடுத்து நாட்டின் மூன்றாவது பன்னாட்டு இணைய நுழைவாயில் அகர்தலா என்று அரசு அறிவித்தது. அதே நாளில் திரிபுராவிலிருந்து வங்கதேசத்தின் குமில்லாப் பகுதிக்கு 100 மெகாவாட் மின்சாரமும் பாயத் தொடங்கியது. திரிபுராவின் பாலாடானா மின்நிலையத்துக்கான கனரக இயந்திரங்கள் முன்னர் வங்கதேசத்தின் ஆசுகஞ்ச் ஆற்றுத் துறைமுகம் வழியாகத்தான் வந்திருந்தன. வழி தந்தவருக்கு மின்சாரம், மின்சாரம் தந்தவருக்கு இணையம். வணிகவியல் படித்த எங்களுக்கு இது பழைய பண்டமாற்றை நினைவூட்டியது. எனினும் இரண்டுக்கும் முறையான விலையும் ஒப்பந்தமும் உண்டு.

எல்லை தாண்டி வடம் இழுப்பதில் மண்வேலை எளிய பகுதி. இரு தரப்பு வடங்களும் எந்த இடத்தில் சந்திப்பது, அறுந்தால் யார் பழுது பார்ப்பது, கட்டணம் எந்த நாணயத்தில், பாதுகாப்புக் கண்காணிப்பு யார் பொறுப்பு என்ற கேள்விகளே ஆண்டுக்கணக்கில் மேசையில் கிடக்கின்றன. கடன் ஆவணங்களைப் படித்துப் பழகிய எங்களுக்கு இது வியப்பில்லை. ஓர் உடன்படிக்கையின் மதிப்பு, கையெழுத்திடும் நாளில் யாரும் கவனிக்காத பழுதுபார்ப்புப் பிரிவில்தான் இருக்கிறது.

கொடுக்கல் வாங்கல் ஒரு திசையில் மட்டும் நிகழவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே கடலடி வடத்தை நம்பியிருந்த வங்கதேசம், 2012இல் தரைவழி வடங்களுக்கு உரிமம் வழங்கி, பெனாபோல் எல்லை வழியாக இந்தியாவிலிருந்து இணையம் பெறத் தொடங்கியது. மேற்கு எல்லையில் வாங்குபவரே கிழக்கு எல்லையில் விற்பவர். கடலே இல்லாத நேபாளமும் இதே கணக்கைப் போட்டது. இந்திய வழியை மட்டும் நம்பியிருந்த அந்நாடு 2018 ஜனவரியில் ரசுவாகடி எல்லை வழியே சீனாவுடன் இரண்டாவது இணைப்பைப் பெற்றது.

அகர்தலா இணைப்பால் அந்த முதியவரின் சிக்கல் முற்றிலும் தீர்ந்துவிட்டதா? அப்படிச் சொல்வது மிகை. காக்ஸ் பஜார் வழி வருவது பன்னாட்டு இணையப் போக்குவரத்து. கிளைக்கும் தரவு மையத்துக்கும் இடையிலான எங்கள் தனி வலை உள்நாட்டு வடத்தையே சார்ந்தது. ஆயினும் வெளியுலகப் போக்குவரத்தின் ஒரு பங்கு தெற்கே திரும்பும்போது பழைய பாதையின் நெரிசல் அந்த அளவுக்குக் குறையும். சுமையும் முன்னைப் போல் இல்லை. கைப்பேசியில் பணம் அனுப்பும் இக்காலத்தில் 10 ஜிகாபிட் பெரிய அளவன்று. அகௌரா வழியாக வடகிழக்குக்குக் கூடுதல் இணையத்தைக் கடத்திச் செல்லும் தனியார் முன்மொழிவொன்றை வங்கதேச ஒழுங்குமுறை ஆணையம் 2024 டிசம்பரில் கைவிட்டது. அண்டை வீட்டு வழி எப்போதும் அண்டை வீட்டாரின் மனநிலையையும் சார்ந்தது.

அகர்தலாவில் இப்போது பணியாற்றும் நண்பர் ஒருவரிடம் அண்மையில் பேசினோம். லிங்க் பற்றிக் கேட்பவர்கள் குறைந்துவிட்டார்களாம். மாடியில் அந்த வி-சாட் தட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டோம். இருக்கிறது, மழைக்காலம் தொடங்கும் முன் ஆண்டுதோறும் ஒருமுறை துடைத்து, சோதித்து வைக்கிறார்கள் என்றார்.