சுவர் ஓதத்துக்கு வைத்தியம் சுவரில் இல்லை!

குறுவையில் எடுத்த விதைநெல்லை நன்றாகக் காயவைத்துக் கட்டியும், தை மாதம் பிரித்தபோது அடிமூட்டையில் பூஞ்சணம் இருந்ததாகவும், என்ன மருந்து கலக்கலாம் என்றும் மன்னார்குடிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நேரில் போய்ப் பார்த்தேன். நெல்லில் குறை இல்லை. மூட்டைகளைச் சாய்த்து வைத்திருந்த சுவரில்தான் குறை.

பழைய ஓட்டு வீடு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய சுவர். தரையிலிருந்து மூன்றடி வரை ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்திருந்தது. விதைநெல்லின் ஈரப்பதம் 13 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. ஓதச் சுவரில் சாய்ந்த மூட்டையில் அது எப்படி நிற்கும்?

ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப்போன திண்ணை அது. பழைய தெருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்ப ரோடு போட்டதில், இப்போது ஒரே படிதான். தெருத் தண்ணீர் வாசலுக்கு வருகிறது. தாழ்வாரத் தண்ணீர் சுவரடியில் விழுகிறது. கொல்லையில் குளித்த தண்ணீரும் அங்கேயே தேங்குகிறது. அவர் செய்த வைத்தியம், உள்சுவரில் சிமென்ட் பூசி பெயின்ட் அடித்தது. இரண்டே வருடத்தில் அதுவும் உதிர்ந்துவிட்டது.

உவர் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். வடிகால் இல்லாவிட்டால் அடி ஈரம் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலேறி, காயும்போது உப்பை விட்டுப் போகும். சுவரிலும் அதேதான். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும்.

அடுத்த மழை கொட்டும்போது குடையோடு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். தண்ணீர் எங்கே விழுகிறது, எங்கே நிற்கிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்ளலாம். சுவரை ஒட்டி மேடேறிய மண்ணை வெட்டி, முதல் பத்தடிக்குள் அரையடியாவது வெளிப்பக்கம் சரிவு கொடுங்கள். தாழ்வாரத்துக்குத் தகரப் பீலி கட்டி, தண்ணீரைக் குழாயில் தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள். தெருப் பக்கம் மேடாக இருந்தால், சுவரிலிருந்து மூன்றடி தள்ளி வாய்க்கால் எடுத்து ஜல்லி நிரப்பலாம். ஆனால் அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போய்விடக் கூடாது. பழைய வீடுகளுக்கு அஸ்திவார ஆழம் குறைவு.

உறிஞ்சு குழி வெட்டலாமா என்பார்கள். முதலில் இரண்டடிக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் நின்றால், அந்தக் களிமண்ணில் உறிஞ்சு குழி வீண்செலவு. குளியல் தண்ணீரை வாழைக்கோ கல்வாழைக்கோ திருப்பிவிடுவதுதான் சரி.

இதெல்லாம் முடிந்த பிறகே சுவரைத் தொட வேண்டும். சிமென்ட் பூச்சைக் கொத்திவிட்டு, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசுங்கள். அவசரப்பட்டால் பழைய கதைதான். அதுவரை விதைமூட்டைகளைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மரக்கட்டைகள் மேல் அடுக்குங்கள்.

மண்சுவர் வீடாக இருந்தால் இவ்வளவு நிதானம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஊறிய சுவர் இடிந்து உயிர்ச்சேதம் ஆவதை வருடந்தோறும் பார்க்கிறோம். சுவரடி கரைந்தோ, நடுவில் வயிறு தள்ளியோ இருந்தால் அந்தப் பக்கம் யாரும் படுக்க வேண்டாம். மழைக்கு முன்பே கொத்தனாரை அழைத்துக் காட்டுங்கள்.